சிட்டையும் பேரேடும்

ஒரு கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது பத்து நிமிட வேலை. இரண்டு கேபிள், நான்கு திருகாணி, அவ்வளவுதான். வட்டில் எழுதியது வட்டில் இருக்கும். எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் அதே கோப்புகள் அப்படியே கிடைக்கும். டெஸ்க்டாப் கணினியோடு பழகியவர்கள் எல்லோருக்கும் இது இயல்பான நம்பிக்கை. ஆனால் இந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்ததல்ல. 1980-இல் சீகேட் வெளியிட்ட 5 மெகாபைட் எஸ்டி-506 காலத்து வட்டுகளுக்கு, எழுதுவதையும் படிப்பதையும் நிர்வகிக்கும் சுற்று வட்டில் இருக்கவில்லை. கணினிக்குள் செருகிய தனி அட்டையில் இருந்தது. வட்டை மட்டும் எடுத்துப்போய் வேறு வகை அட்டையோடு இணைத்தால் பெரும்பாலும் அதில் இருந்ததைப் படிக்க முடியாது. எண்பதுகளின் நடுவில் அந்தச் சுற்றை வட்டின் முதுகிலேயே பொருத்திய ஐ.டி.இ. முறை வந்த பிறகுதான் வட்டு தன்னிறைவு பெற்றது, ஊர் மாறினாலும் தன் சரக்கைத் தானே அறிந்த பொருளானது.

ஹைபிரிட் டிரைவ்கள் இந்தத் தன்னிறைவை மறுபடி குலைத்தன. திரையில் ஒரே வட்டாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருக்கலாம்: சுழலும் தட்டு ஒன்று, ஃப்ளாஷ் சில்லு ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டும் கணக்கு மூன்றாவதாக ஓரிடத்தில் இருக்கிறது. எது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எது இப்போது புதியது, எது பழையது என்பதையெல்லாம் அந்தக் கணக்குதான் அறியும். டிரைவை வேறு கணினிக்கு மாற்றும்போதோ பெரிதாக்கும்போதோ நடக்கும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய முழுவதுமாக ஒரே கேள்வியில் அடங்குகிறது: அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது?

இரண்டையும் சேர்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய தகவல் ஹெட்டுக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும்; டெஸ்க்டாப் வட்டுகளில் அதற்கு 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக ஒரு சிறு துண்டைத் தேடி எடுக்க 12, 13 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு 80 துண்டுகளைத் தாண்டுவது கடினம். ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்குக் கிடைப்பது 300 கிலோபைட்டைச் சற்றே தாண்டும். அதே வட்டு ஒரு திரைப்படக் கோப்பை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150 மெகாபைட் தரும். ஒரே இயந்திரம், ஒரே மோட்டார். வேலையின் தன்மை மாறியதும் வேகம் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. கணினி துவங்குவதும் மென்பொருள் திறப்பதும் முதல் வகை வேலைகள்: சிறுசிறு கோப்புகள், ஆயிரக்கணக்கில், வட்டெங்கும் சிதறியவை.

இந்தக் குறை பொறியாளர்களின் அலட்சியத்தால் வந்ததல்ல. 1956-இல் ஐ.பி.எம். தந்த ராமாக் கணினியின் வட்டுத் தொகுதியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு நம் கணக்கில் 3.75 மெகாபைட், ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லி விநாடி. அங்கிருந்து ஒரு டெராபைட் வட்டுக்கு வந்தபோது கொள்ளளவு இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. தேடும் நேரம் மட்டும் ஐம்பதில் ஒரு பங்காகத்தான் குறைந்திருந்தது. காந்தப் புள்ளியைச் சுருக்கிக்கொண்டே போகலாம். உலோகக் கை நகரும் வேகத்துக்கு வரம்பு உண்டு.

தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987-இல் அறிவித்த நாண்ட் ஃப்ளாஷில் நகரும் பாகமே கிடையாது. அதைக் கொண்டு செய்த எஸ்.எஸ்.டி. ஒரு துண்டை எடுக்கச் சுமார் 0.1 மில்லி விநாடி போதும். ஆனால் 2012 வாக்கில்கூட ஃப்ளாஷின் விலை ஜிகாபைட்டுக்கு ஒரு டாலரை ஒட்டி இருந்தது. சுழலும் வட்டு அதில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு டெராபைட் வேண்டும், வேகமும் வேண்டும் என்பவருக்கு இரண்டையும் கலப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கலப்பது பலிப்பதற்குக் காரணம், நாம் வைத்திருக்கும் தகவலில் மிகச் சிறு பகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறோம். இதைக் கணினியியல் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் சகாக்களும் 1962-இல் இயக்கிவைத்த அட்லஸ் கணினியில் வேகமான காந்த வளைய நினைவகம் சிறியது, மெதுவான காந்த உருளை பெரியது. இரண்டையும் ஒரே நினைவகமாகப் பயனருக்குக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தை உருளைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவுசெய்ய, பழைய பயன்பாட்டைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும் ஒரு நிரலும் அதில் இருந்தது. இன்று நம் மேசைக்கடியில் இருக்கும் ஹைபிரிட் டிரைவின் மூளை அந்த நிரலின் வழித்தோன்றல்தான். அந்த நிரலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வியப்பு குறையாமல் வருகிறது. ஃப்ளாஷ் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதை நிர்வகிக்கும் வழி பிறந்திருந்தது.

இனி கணக்கைத் தேடுவோம். எளிய வகையில் அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு சாம்சங்கும் சீகேட்டும் கொண்டுவந்த முதல் ஹைபிரிட் வட்டுகள், எதைச் சேமிப்பது என்ற முடிவுக்கு விண்டோஸை நம்பியிருந்தன. இருந்ததும் 256 மெகாபைட் அளவு ஃப்ளாஷ்தான். அவை எடுபடவில்லை. 2010-இல் சீகேட் மொமென்டஸ் எக்ஸ்டி அந்தப் பிணைப்பை வெட்டியது. 4 ஜிகாபைட் ஃப்ளாஷ், 7,200 சுற்றுத் தட்டு; எந்தத் துண்டு அடிக்கடி கேட்கப்படுகிறது என்பதை டிரைவின் சொந்த நிரலே கவனித்து அதன் பிரதியை ஃப்ளாஷில் வைத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் கணினிக்கு அது ஒரு சாதாரண சாட்டா வட்டு. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதற்கும் தனி டிரைவர் வேண்டாம். 2013-இல் எஸ்.எஸ்.எச்.டி. என்ற பெயரோடு டெஸ்க்டாப்புக்கு வந்த 8 ஜிகாபைட் ஃப்ளாஷ் கொண்ட வட்டுகளும் இதே வழியில்தான் நடந்தன.

இந்த வகையை எங்கும் பயமில்லாமல் மாற்றலாம். கணக்கும் சரக்கும் ஒரே உறைக்குள் இருப்பதால் எதுவும் பின்தங்காது. ஒன்று மட்டும் நடக்கும்: புதிய இயக்க முறைமையை அதில் நிறுவினால் பழைய பழக்கத்தை வைத்துச் சேர்த்த துண்டுகள் பயனற்றுப்போய், முதல் சில துவக்கங்கள் மந்தமாக இருக்கும். நான்கைந்து முறை கணினியை இயக்கிய பிறகு வட்டு புதிய வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். மாட்டிய அன்றே வேகத்தை அளந்து பார்த்து, டிரைவ் பழுதென்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்டெல் 2011 மே மாதம் இசட்68 சிப்செட்டோடு கொடுத்த ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் முறையில் நிலைமை வேறு. இதில் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும் தனித்தனிப் பொருள்கள், தனித்தனிக் கேபிள்கள். மதர்போர்டின் சாட்டா நிர்வாகத்தை ரெய்டு நிலையில் வைத்து, விண்டோஸில் இன்டெல் டிரைவரை நிறுவினால், எஸ்.எஸ்.டி.யில் 64 ஜிகாபைட் வரை ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் நிற்கும் வேகக் கிடங்காக மாறும். திரையில் ஒரே வட்டுதான் தெரியும். கணக்கை எழுதுவது இன்டெல் டிரைவரும் மதர்போர்டின் ரெய்டு நிரலும். வட்டுகளுக்கு அதில் நேரடிப் பங்கில்லை.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், எழுதுவதெல்லாம் இரண்டு இடத்திலும் ஒருசேர எழுதப்படும். ஹார்ட் டிஸ்க் எப்போதும் முழுமையாக இருக்கும். மற்றொன்றில் புதிதாக எழுதுவது முதலில் எஸ்.எஸ்.டி.க்கு மட்டும் போகும். பிறகு சாவகாசமாக ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கும். இரண்டாவதுதான் வேகமானது. மளிகைக் கடைகளில் அன்றாட வரவுசெலவைச் சிட்டையில் கிறுக்கிவைத்து, கடை ஓய்ந்த பிறகு பேரேட்டில் பதிவார்கள். எஸ்.எஸ்.டி. சிட்டை, ஹார்ட் டிஸ்க் பேரேடு. பதிவு முடியுமுன் பேரேட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனால், கனமான புத்தகம் கையில் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கடைசியாக நடந்த கொடுக்கல் வாங்கல் அதில் இருக்காது.

விடுபட்டது சிறிதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. சிட்டையில் தங்கியிருப்பது எது என்று யோசித்தால் ஆபத்தின் அளவு புரியும். அடிக்கடி மாற்றி எழுதப்படுபவைதான் அங்கே தங்கும். ஒரு விண்டோஸ் வட்டில் மிக அடிக்கடி மாறுவது உங்கள் புகைப்படங்களோ கணக்குத் தாள்களோ அல்ல. கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவைக்கும் முதன்மை அட்டவணை, காலி இடங்களின் குறிப்பு, ரெஜிஸ்ட்ரி ஆகியவை. இவற்றின் பழைய நிலையோடு ஹார்ட் டிஸ்க் புதிய கணினிக்குள் நுழைந்தால் சில மெகாபைட் வேறுபாடு ஒரு டெராபைட்டைக் குழப்பிவிடும். அதோடு நிற்காது. புதிய கணினியில் விண்டோஸ் பிழையைக் கண்டு, வட்டைச் சரிபார்க்கிறேன் என்று இறங்கினால், பழைய பேரேட்டை உண்மையென்று எடுத்துக்கொண்டு அதற்கேற்றபடி திருத்தி எழுதும். பிறகு மறந்துபோன எஸ்.எஸ்.டி.யைக் கொண்டுவந்து சேர்த்தாலும் பயனில்லை. இரண்டு கணக்கும் இனி ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஆகவே இந்த வகையில் திருகாணியை அவிழ்க்குமுன் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். பழைய கணினி இயங்கும்போதே இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருளைத் திறந்து ஆக்சிலரேஷனை நிறுத்தச் சொன்னால், சிட்டையில் மிச்சமிருப்பதையெல்லாம் அது ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவிட்டு எஸ்.எஸ்.டி.யை விடுவிக்கும். அது முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். 2017-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய 16, 32 ஜிகாபைட் ஆப்டேன் நினைவகச் சில்லுகளுக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. பிணைப்பை நிறுத்தாமல் அந்தச் சில்லைப் பிடுங்கினால் கணினி துவங்காமலே போகலாம். ஆப்டேன் தொழிலையே 2022-இல் இன்டெல் மூட முடிவெடுத்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் விற்ற டெஸ்க்டாப்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு உள்ளே இப்படி ஒரு சில்லு இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

பழைய மதர்போர்டே செத்துப்போயிருந்தால்? அப்போது அவசரம்தான் எதிரி. ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக எதிலும் மாட்டி இயக்காமல், இரண்டு டிரைவையும் ஒன்றாக எடுத்து, அதே இன்டெல் முறையை ஆதரிக்கும் வேறொரு மதர்போர்டில் ரெய்டு நிலையில் இணைக்க வேண்டும். பிணைப்பைப் பற்றிய குறிப்பு இரண்டு டிரைவிலும் எழுதப்பட்டிருப்பதால் அந்த போர்டு பெரும்பாலும் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். ஏ.எம்.டி. போர்டுக்கு அந்தக் குறிப்பு பொருளற்ற எழுத்து.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் ஹைபிரிட் இல்லாத வட்டுகளையும் பிடிக்கும். ரெய்டு நிலையில் விண்டோஸ் நிறுவிய வட்டை ஏ.எச்.சி.ஐ. நிலையிலுள்ள கணினியில் மாட்டினால் நீலத் திரை வந்து, துவக்க வட்டை அணுக முடியவில்லை என்று நிற்கும். வட்டில் பழுதில்லை. விண்டோஸ் துவங்கும் முதல் கணங்களில் முன்பு தேவைப்பட்ட டிரைவரை மட்டும் ஏற்றுகிறது. புதிய சுற்றோடு பேசும் டிரைவர் அந்த வரிசையில் இல்லை. ஒருமுறை சேஃப் மோடில் துவக்கினால் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் ஏறும். அடுத்த துவக்கத்திலிருந்து சரியாகிவிடும். விண்டோஸ் 8 முதல் இருக்கும் வேகத் துவக்க வசதியையும் மாற்றத்துக்கு முன் அணைத்துவிட வேண்டும். அது கணினியை முழுமையாக நிறுத்துவதில்லை. உள்மையத்தின் நிலையை வட்டில் உறையவைத்துவிட்டு உறங்குகிறது. வேறு கணினி அந்த வட்டைத் தொடும்போது பாதியில் நின்ற வேலையின் மேல் கைவைக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழு நிறுத்தம் கிடைக்கும்.

ஆப்பிள் 2012 அக்டோபரில் ஐமேக்கோடும் மேக் மினியோடும் அறிவித்த ஃப்யூஷன் டிரைவ் இவை எல்லாவற்றிலும் துணிச்சலான வடிவமைப்பு. 128 ஜிகாபைட் ஃப்ளாஷும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 1.12 டெராபைட்டாகத் தெரியும். இந்தக் கூட்டலைக் கவனிக்க வேண்டும். இன்டெல் முறையில் எஸ்.எஸ்.டி.யின் அளவு மொத்தத்தில் சேராது, ஏனென்றால் அதில் இருப்பது பிரதி. ஃப்யூஷனில் பிரதியே இல்லை. ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரே இடத்தில்தான் வாழும். அடிக்கடி தொடப்பட்டால் ஃப்ளாஷுக்குக் குடிபெயரும், மறக்கப்பட்டால் தட்டுக்கு இறங்கும். கணினி ஓய்வாக இருக்கும்போது இயக்க முறைமை இந்தக் குடிமாற்றத்தைச் செய்கிறது. புதிதாக எழுதுவதை வாங்கிக்கொள்ள ஃப்ளாஷில் 4 ஜிகாபைட் எப்போதும் காலியாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு பெரிய கோப்பின் தலை ஃப்ளாஷிலும் உடல் தட்டிலும் இருப்பது அங்கே சாதாரணம்.

ஃப்யூஷனின் அழகும் கொடுமையும் இதில்தான் இருக்கின்றன. பயனர் எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை முழுமையாக விடுவித்தது. அதற்கு விலையாக, இரண்டில் எது பழுதானாலும் முழு வட்டும் போகும். இன்டெல் முறையின் பத்திரமான வடிவில் எஸ்.எஸ்.டி. செத்தால் வேகம் மட்டும் குறையும். ஃப்யூஷனில் ஹார்ட் டிஸ்க் முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும் துணையில்லாமல் அது பாதிப் பக்கங்கள் கிழிந்த புத்தகம். அதோடு 2015-இல் 1 டெராபைட் வகைக்கு ஃப்ளாஷின் அளவை ஆப்பிள் 128-லிருந்து 24 ஜிகாபைட்டாகக் குறைத்தது. 2017-இல் 32 ஆக்கியது. இயக்க முறைமையும் நான்கு மென்பொருளும் ஏறினாலே அந்த இடம் நிறைந்துவிடும். பெயர் அதேதான், வேலை அதேயல்ல. 2 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள வகைகளில் மட்டும் 128 நீடித்தது. பழைய ஐமேக் ஒன்றை வாங்குகிறவர் ஹார்ட் டிஸ்க்கின் அளவைக் கேட்பதோடு ஃப்ளாஷின் அளவையும் கேட்க வேண்டும் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன்.

ஃப்யூஷனின் கணக்கு மேக் இயக்க முறைமையில் இருக்கிறது. முதலில் கோர் ஸ்டோரேஜ் என்ற அடுக்கு அதை நிர்வகித்தது. 2018-இல் மொஹாவி பதிப்போடு ஏ.பி.எஃப்.எஸ். கோப்பு முறை அந்தப் பொறுப்பை ஏற்றது. இரண்டு பாகங்களிலும் அடையாள எண் எழுதப்பட்டிருப்பதால், கொள்கையளவில் இரண்டையும் கழற்றி வேறொரு மேக்கில் ஒருசேர இணைத்தால் இயக்க முறைமை அவற்றை மறுபடி ஒன்றாக்கிக் காட்டும். நடைமுறையில் தடையாக நிற்பது இணைப்பு முனை. ஹார்ட் டிஸ்க் வழக்கமான சாட்டா; ஃப்ளாஷ் பாகமோ ஆப்பிளின் சொந்த முனை கொண்ட மெல்லிய பலகை, 2012-க்கும் 2013-க்கும் இடையில்கூட வடிவம் மாறியது. அதற்குப் பொருந்தும் அடாப்டர் கையில் இல்லாமல் ஐமேக்கின் கண்ணாடியைப் பிரிப்பது வீண்வேலை.

பெரிதாக்க நினைப்பவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடமும் ஃப்யூஷன்தான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 1 டெராபைட் சாட்டா எஸ்.எஸ்.டி. வைக்கலாம், நல்ல முடிவு. ஆனால் பாகம் மாறிய கணமே பழைய ஃப்யூஷன் தொகுதி உடைந்துவிடும். அதற்கு முன் டைம் மெஷினில் முழு பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பிலிருந்து இரண்டு கோப்புகளையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு மீட்புநிலையில் துவக்கி, டெர்மினல் வழியே பழைய ஃப்ளாஷையும் புதிய எஸ்.எஸ்.டி.யையும் தனித்தனி வட்டுகளாக்கலாம். அல்லது மொஹாவியிலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் இருக்கும் கட்டளையைக் கொண்டு மறுபடி ஃப்யூஷனாக்கலாம். அந்தக் கட்டளை இரண்டிலும் இருப்பதை முழுக்க அழித்துவிட்டே புதிதாகக் கட்டும். இரண்டு பாகமும் ஃப்ளாஷாக ஆன பிறகு அவற்றை இணைத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேக வேறுபாடு போய்விட்டது. ஒன்று செத்தால் இரண்டும் சாகும் என்ற ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது.

க்ளோன் எடுப்பதில் ஒரு பழைய அறிவுரை உண்டு: இயங்கும் விண்டோஸை நகலெடுக்காதே, யு.எஸ்.பி.யிலிருந்து வேறொரு இயக்க முறைமையைத் துவக்கி, உறங்கும் வட்டை நகலெடு என்பார்கள். ஒற்றை வட்டுக்கு அது சரியான யோசனை. டிரைவுக்குள்ளேயே கணக்கை வைத்திருக்கும் எஸ்.எஸ்.எச்.டி.க்கும் சரி. இன்டெல், ஃப்யூஷன் வகைகளில் அதுவே பொறி. யு.எஸ்.பி.யிலிருந்து எழுந்த லினக்ஸுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதன் கண்ணுக்கு இரண்டு அந்நிய வட்டுகள் தெரியும். பெரிய வட்டை அது வரிக்கு வரி உண்மையாக நகலெடுக்கும், கிடைப்பது முழுமையில்லாத பேரேட்டின் நேர்த்தியான நகல். இங்கே கணக்கை அறிந்த அமைப்பு விழித்திருக்கும்போதே, அதன் வழியாகவே நகலெடுக்க வேண்டும். இல்லையேல் பிணைப்பை அவிழ்த்த பிறகு எடுக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்த பின் கவனிக்க வேண்டியவை சில. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த வட்டுகளில் முதல் பகுதி 63-ஆம் செக்டாரில் துவங்கும். ஒரு செக்டார் 512 பைட் என்பதால் அந்த எல்லை 4,096-ஆல் வகுபடாது. அதே அமைப்பை அப்படியே நகலெடுத்தால், ஒவ்வொரு 4 கிலோபைட் எழுத்தும் ஃப்ளாஷில் இரண்டு பக்கங்களில் கால்பரப்பி விழும். வேகமும் ஆயுளும் குறையும். விஸ்டாவிலிருந்து பகுதிகள் 1 மெகாபைட் எல்லையில் துவங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய எம்.பி.ஆர். அட்டவணை 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. பெரிய வட்டுக்கு மாறும்போது ஜி.பி.டி.க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காலி இடத்தையும் சேர்த்து எழுதும் க்ளோன் மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், விண்டோஸின் ஆப்டிமைஸ் கட்டளையை ஒருமுறை ஓடவிட்டு, எவை காலி என்பதை எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிட வேண்டும்.

சாவியும் கணக்கைப் போலவே வட்டுக்கு வெளியே இருக்கக்கூடியது. பிட்லாக்கரால் பூட்டிய வட்டின் திறவுகோல் பழைய மதர்போர்டின் பாதுகாப்புச் சில்லில் கட்டப்பட்டிருக்கும்; புதிய கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். வட்டைக் கழற்றுமுன் அந்த எண் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிளின் டி2 சில்லு உள்ள 2017 ஐமேக் ப்ரோ, 2018 மேக் மினி போன்றவற்றில் இது உச்சத்துக்குப் போனது: ஃப்ளாஷைக் கழற்றி வேறு கணினியில் வைத்தாலும் உள்ளே இருப்பது யாருக்கும் திறக்காத எண்குவியல். தன் சரக்கைத் தானே அறிந்த வட்டு என்ற ஐ.டி.இ. காலத்து ஏற்பாடு அங்கே முடிந்துபோனது.

பழைய ஹைபிரிட் டிரைவைப் புதிய டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோகலாமா என்று என்னைக் கேட்டால், துவக்க வட்டாக வேண்டாம் என்பேன். அதை நியாயப்படுத்திய விலை வித்தியாசம் சிறு கொள்ளளவுகளில் மறைந்துவிட்டது. 27 அங்குல ஐமேக்கில் ஆப்பிளே 2020-இல் ஃப்யூஷனை விட்டுவிட்டது. படங்களையும் பழைய ஆவணங்களையும் இரண்டாம் நகலாக வைக்க எஸ்.எஸ்.எச்.டி. இன்னும் தகுதியானதுதான். அதற்குமுன் வட்டின் உடல்நிலை அறிக்கையில், மாற்றப்பட்ட செக்டார்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும். இரண்டாவது பூஜ்யம் இல்லையென்றால் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாமல், இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

கழற்றி வைத்த சிறு எஸ்.எஸ்.டி.யை மறந்துவிடுகிறோம். 20 ஜிகாபைட்டோ 32 ஜிகாபைட்டோ உள்ள அந்தத் துண்டு இன்று ஒன்றுக்கும் உதவாது என்று கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த அத்தியாயம் சொன்னபடி அதில் தங்கியிருப்பது நீங்கள் மிக அடிக்கடி தொட்டவை: மின்னஞ்சல் பெட்டியின் துண்டுகள், பிரவுசர் நினைவில் வைத்தவை, தினமும் திறந்த ஆவணம். ஆக்சிலரேஷனை நிறுத்துவது பிணைப்பை அறுக்கிறது. சில்லில் இருக்கும் பிரதிகளை அழித்துவிட்டதாகப் பொருளில்லை. எஸ்.எஸ்.எச்.டி.யின் உள்ளிருக்கும் ஃப்ளாஷும் அப்படித்தான். வெளியிலிருந்து தட்டு முழுவதும் பூஜ்யம் எழுதினாலும், நமக்கு முகவரி தெரியாத அந்த 8 ஜிகாபைட்டில் பழையது எதுவும் மிஞ்சவில்லை என்று உறுதி சொல்ல முடியாது. விற்பதற்கோ கொடுப்பதற்கோ முன், டிரைவின் சொந்த நிரலே தன்னை அழித்துக்கொள்ளும் செக்யூர் இரேஸ் கட்டளையைக் கொடுங்கள். பல மதர்போர்டுகளின் பயாஸிலேயே அது இருக்கிறது. இல்லாவிட்டால் லினக்ஸ் யு.எஸ்.பி. ஒன்றிலிருந்து கொடுக்கலாம். சிறு ஃப்ளாஷுக்குச் சில நிமிடம் போதும். தட்டும் சேர்ந்த எஸ்.எஸ்.எச்.டி.க்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்கி, முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தாமல் வையுங்கள்.